பன்னிரண்டாவது சீட்டு

டிரிங் டிரிங்... டிரிங் டிரிங்...

காலை பத்து மணி. சிவப்பு மை ரிசீவரை எடுத்தாள்.

அது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. ஆபீஸ் வைத்தது. பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளை வெளிநாட்டுப் பனிமலைக்கு அழைத்துப் போகும் நிறுவனம் அது. யார் போகலாம், யார் போகக் கூடாது என்று முடிவு செய்யும் பாதுகாப்பு அதிகாரி அவள். வேண்டாம் என்றால் விண்ணப்பத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. அப்பன் வந்து கெஞ்சினாலும் அந்தக் கோடு அழியாது. அம்மா வந்து அழுதாலும் அழியாது.

"ஹலோ?"

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஒரு குரல்... கம்பளிக்குள் வாயைப் புதைத்துக்கொண்டு பேசுவது போல.

"நாளைக்கு மலைக்குப் போற கூட்டத்துல ஒரு ஆள் போகக் கூடாது."

"யார் பேசறது?"

"போனா பிணம்தான் திரும்பி வரும். ஒண்ணு இல்ல... நிறைய."



"யார் அந்த ஆள்? பேரைச் சொல்லுங்க."

"நீங்க பாக்காத ஆள்."

"என்ன?"

"கையெழுத்துப் போட்டுடாதீங்க."

டொக்!

சிவப்பு மை ரிசீவரை வைத்தாள்.

மேஜை மேல் பாதுகாப்புச் சான்றிதழ் தயாராக இருந்தது. மாலை நான்கு மணிக்குள் அதில் அவள் கையெழுத்து விழ வேண்டும். விழாவிட்டால் மலைக்குள் நுழைய அனுமதி இல்லை. நாளைக் காலை விமானமும் இல்லை. விழுந்துவிட்டால், பன்னிரண்டு பிள்ளைகளின் உயிருக்கு அவள்தான் பொறுப்பு.

நீங்க பாக்காத ஆள்...

பன்னிரண்டு பேர் பட்டியலை எடுத்தாள். பதினோரு பேரை அவளே நேரில் உட்காரவைத்து, நாடி பிடித்து, அப்பா அம்மாவைத் தனித்தனியாக விசாரித்து, சலித்து எடுத்திருக்கிறாள்.

பாக்கி ஒன்று.

ஏழாம் நம்பர்!

தங்கைக்குப் பிரசவம் என்று அவள் பத்து நாள் லீவில் போயிருந்தாள். இன்றைக்குத்தான் வந்திருக்கிறாள். லீவு போட்ட மறுநாளே ஒரு பையன் மாடிப்படியில் உருண்டு காலை உடைத்துக்கொண்டான். அந்த இடத்தில் யாரையோ டைரக்டர் அவராகவே சேர்த்திருக்கிறார். அந்த ஆள் பயிற்சி முகாமுக்கும் போய் வந்தாகிவிட்டது.

பட்டியலைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

*

டைரக்டரின் அறையில் ஏசி இருமிக்கொண்டிருந்தது.

"வாம்மா. குழந்தை பையனா, பொண்ணா?"

"பொண்ணு. ஏழாம் நம்பர் யார் சார்?"

டைரக்டர் பேனா மூடியால் காதைக் குடைந்தார். பதில் பிடிக்காத கேள்வி வந்தால் அவருக்குக் காது அரிக்கும்.

"நல்ல பொண்ணும்மா. கெட்டிக்காரி."

"யார் பொண்ணு?"

"நமக்கு ஜாக்கெட் எல்லாம் இலவசமா தைச்சுக் குடுக்கறாரே..."

"அவர் உங்க மச்சினன்தானே?"

"மச்சினன் பொண்ணுன்னா மலை ஏறக் கூடாதா?"

"நான் பாக்காம ஏறக் கூடாது. காலைல ஒரு ஃபோன் வந்துது சார்."

சொன்னாள். டைரக்டரின் முகம் வெளுத்தது. உடனே பழைய நிறத்துக்கும் வந்தது. அவர் எதையும் ரொம்ப நேரம் கவலைப்படுகிற ஜாதி இல்லை.

"எவனோ வயித்தெரிச்சல் பிடிச்சவன். நீ செலெக்ட் பண்ணாம விட்ட நாப்பது பேர்ல ஒருத்தன். நாலு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுடு. வாசல்ல பேனர் கட்டியாச்சு."

"பேனரை அவுக்க அஞ்சு நிமிஷம் ஆகும் சார்."

டமால்!

கதவு நிலையில் தோள் மோத உள்ளே வந்தார் பயணத்தின் லீடர்.

ஆபீஸில் அவருக்குப் பெயர் எட்டுவிரல். ஆறு வருஷத்துக்கு முன்னால் பனிப்புயலில் மாட்டிக்கொண்ட ஒரு பையனுக்குத் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இடது கையில் இரண்டு விரலை மலைக்கே விட்டுவிட்டு வந்த மனிதர். முப்பது வருஷ அனுபவம். பிள்ளைகளுக்கு அவர்தான் தெய்வம்.

"இந்தக் கதவுக்கு என் மேல ரொம்ப ஆசை. போகும்போதும் இடிக்கும், வரும்போதும் இடிக்கும்," என்று இடது தோளைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கம்பளிக் கையுறை துருத்திக்கொண்டிருந்தது. "கீழே கயிறெல்லாம் எண்ணி வச்சாச்சு. என்ன மேடம், முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார்."

டைரக்டர் மேஜைக்கு மேலாக, அவருக்கு இடது பக்கமாக ஒரு டீ கிளாஸை நீட்டினார். எட்டுவிரல் வாங்கவில்லை. சிவப்பு மையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீ வேண்டாமா? சரி, நானே குடிக்கிறேன்." டைரக்டர் உறிஞ்சினார்.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா மேடம்?" என்று கேட்டார் எட்டுவிரல்.

"இன்னும் இல்ல."

"அவசரப்படாதீங்க. நல்லாப் பாத்துப் போடுங்க."

எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டே அவள் படி இறங்கினாள்.

*

கீழ்த்தளத்தில் பன்னிரண்டு பேரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். தூங்கும் பைகள், பூட்ஸ்கள், பிஸ்கட் பாக்கெட்டுகள் எல்லாம் தரையில் இறைந்து கிடந்தன.

"ஏழாம் நம்பர் யாரு?"

ஒல்லியாக, பின்னலை மடித்துக் கட்டிய ஒரு பெண் எழுந்தாள். பதினேழு வயது. வாயில் பிஸ்கட்.

"நாந்தான் மேடம். நீங்கதான் அந்த..." பிஸ்கட்டை விழுங்கினாள். "பாதுகாப்பு மேடமா?"

"பன்னிரண்டு கிலோ மூட்டையைத் தூக்கிக்கோ. நாலு மாடி. ஏறி இறங்கு."

"எத்தனை தடவை?"

"நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

ஏழாம் நம்பர் ஏறினாள். இறங்கினாள். மறுபடி ஏறினாள். சிவப்பு மை கடிகாரமும் கையுமாகப் படிக்கட்டின் அடியில் நின்றாள். ஐந்தாவது முறை இறங்கியபோது அந்தப் பெண் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

நாடி சரியாக இருந்தது. மூச்சும் சரி. ஆஸ்துமா கிடையாது, வலிப்பு கிடையாது. உயரம் என்றால் பயமா என்றதற்கு, "எங்க அத்தைக்குத்தான் பயம்" என்று பதில் வந்தது.

"உண்மையச் சொல்லு. எதையாவது மறைக்கிறியா?"

"ஆமா மேடம்."

சிவப்பு மை நிமிர்ந்தாள்.

"என்ன?"

"பைல அளவுக்கு மேல ரெண்டு பாக்கெட் பிஸ்கட் இருக்கு."

"விளையாடாதே! இந்தக் கூட்டத்துல போகக் கூடாத ஆள் ஒருத்தர் இருக்காங்கன்னு ஃபோன் வந்திருக்கு."

அந்தப் பெண்ணின் முகத்திலிருந்த சிரிப்பு நின்றுபோயிற்று. திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். பதினோரு பேரும் மூட்டை கட்டுவதை நிறுத்திவிட்டு இவர்களையே பார்த்தார்கள்.



"உங்களுக்கெல்லாம் தெரியுமா?" சிவப்பு மை அவர்கள் பக்கம் திரும்பினாள். "யாரு? சொல்லுங்க!"

"சொல்லக் கூடாது மேடம். ரூல்."

"எவன் போட்ட ரூல்?"

"நீங்க போட்டதுதான்." ஏழாம் நம்பர் அவளை வினோதமாகப் பார்த்தாள். "சீட்டுல எழுதிட்டோமே மேடம். நீங்க இன்னும் படிக்கலையா?"

சிவப்பு மைக்குச் சுரீர் என்றது.

கயிற்றுச் சீட்டு!

*

அது அவளே கண்டுபிடித்த முறை. பனிமலையில் நாலைந்து பேரை ஒரே கயிற்றில் கட்டித்தான் நடக்க விடுவார்கள். ஒருவர் பனிப்பிளவில் விழுந்தால் மற்றவர்கள் இழுத்துப் பிடிக்க வேண்டும். அதனால் பயிற்சி முகாமின் கடைசி நாளில் ஒவ்வொருவரும் ரகசியமாக ஒரு சீட்டு எழுத வேண்டும். 'யாரோடு ஒரே கயிற்றில் போக மாட்டேன்? ஏன்?' சீட்டுகள் தகரப் பெட்டிக்குள் போகும். பெட்டிக்குப் பூட்டு. சாவி ஒன்றே ஒன்று, அவள் கொத்தில். யார் என்ன எழுதினார்கள் என்பதை யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது.

டாக்டருக்குத் தெரியாதது அந்தச் சீட்டுக்குத் தெரியும் என்று அவளே ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறாள்.

பீரோவைத் திறந்தாள். பெட்டி இல்லை.

மேஜைக்கு அடியில் பார்த்தாள். இல்லை.

பறந்தாள் டைரக்டர் அறைக்கு.

"சீட்டுப் பெட்டி எங்க சார்? யாரோ திருடியிருக்காங்க!"

"எந்தப் பெட்டி?"

"பச்சைத் தகரப் பெட்டி! முகாம்லேருந்து வந்தது!"

"ஓ... அதுவா." டைரக்டர் காதைக் குடைந்தார். "எனக்குக் கழுத்து வலிம்மா. டாக்டர் கம்ப்யூட்டரை உயரமா வச்சுக்கச் சொன்னார்."

அவள் பார்த்தாள்.

கம்ப்யூட்டர் திரைக்குக் கீழே, முட்டுக்கொடுத்து, கச்சிதமாக உட்கார்ந்திருந்தது பச்சைப் பெட்டி. பூட்டுக்கூடத் தொடப்படாமல்.

"சீட்டு படிக்காம யார் யார் எந்தக் கயிறுன்னு எப்படி முடிவு பண்ணினீங்க?"

"உயர வாரியா பிரிச்சேன். போட்டோவுக்கு நல்லா வரும்."

அவளுக்கு அந்தத் திரையைத் தூக்கி அவர் தலையிலேயே வைக்கலாம் போலிருந்தது. வைக்கவில்லை. பெட்டியை உருவினாள். சாவியைத் திருகினாள்.

முதல் சீட்டு.

'லீடர் சார்.'

அவள் புருவம் சுருங்கியது. இரண்டாவதைப் பிரித்தாள்.

'லீடர் சார். இடது பக்கம் நின்னு வணக்கம் சொன்னா பதில் வராது.'

மூன்றாவது.

'எங்க சார்தான். முகாம்ல பள்ளத்துக்குள்ள கால் வைக்கப் போனார். நான் பையைப் பிடிச்சு இழுத்தேன். தமாஷ் பண்ணேன்னு சொன்னார். தமாஷ் இல்ல.'

நான்கு. ஐந்து. ஆறு. எல்லாவற்றிலும் அதே ஆள். எட்டாவதில் எழுத்து கொஞ்சம் கலங்கியிருந்தது.

'எட்டுவிரல் சார் ரொம்ப நல்லவர். அவருக்கு இடது பக்கம் கண் தெரியலை. நாங்க முறை போட்டு மாத்தி மாத்தி அவர் இடது பக்கம் நடக்கறோம். ஆனா பனில கயிறு கட்டிட்டா பக்கத்துல நடக்க முடியாது. ப்ளீஸ், அவர்கிட்ட நாங்க சொன்னோம்னு சொல்லாதீங்க.'

சிவப்பு மையின் கண்ணில் நீர் முட்டியது. பதினேழு வயதுப் பிள்ளைகள் ஒரு பெரிய மனிதருக்கு வேலியாக நடந்திருக்கிறார்கள். தங்கள் பயத்தை எழுதிப் பெட்டியில் போட்டு, பெரியவர்கள் படிப்பார்கள் என்று நம்பி மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பெட்டி மேல்தான் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது.

பதினோரு சீட்டிலும் ஒரே ஆள். பன்னிரண்டாவதை மட்டும் படித்தவள் முகம் சிவந்தாள். அதை மடித்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள்.

"அதுல யாரு?" என்றார் டைரக்டர்.

"அப்புறம் சொல்றேன்." மூக்கை உறிஞ்சினாள். "லீடரோட மெடிக்கல் ஃபாரம் எங்க?"

"லீடருக்கு எதுக்கும்மா? அவர்தானே எல்லாரையும் செக் பண்றவர்..."

"எங்க சார்?"

இழுப்பறையிலிருந்து ஒரு கோப்பு வந்தது. எட்டு வருஷம், எட்டு ஃபாரம். எடை எழுபத்தொன்று. எட்டு வருஷமும் எழுபத்தொன்று. ரத்த அழுத்தம் எட்டு வருஷமும் அதே. மூன்றாவது வரியின் ஓரத்தில் ஒரு காபிக் கறை. அந்தக் கறையும் எட்டு வருஷமாக அதே இடத்தில்!

"ஜெராக்ஸ்," என்றாள் சிவப்பு மை. "வருஷத்தை மட்டும் மாத்தி ஒட்டியிருக்கீங்க."

"அவர் எப்பவும் ஊர்ல இருக்க மாட்டார்ம்மா. லீடர்தானேன்னு..."

அவள் விரல் ஒரு வரியில் போய் நின்றது.

'கை விரல்கள்: பத்து. குறைபாடு ஏதும் இல்லை.'

எட்டுவிரலுக்குப் பத்து விரல்!

"இதுல கையெழுத்துப் போட்ட அதிகாரி எந்தக் குருடன்?" என்று சீறிக்கொண்டே பக்கத்தின் அடிக்குப் போனாள்.



சிவப்பு மையில், அழகாக, கடைசி ஐந்து வருஷமும் ஒரே கையெழுத்து.

அவளுடையது!

அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே அவருக்கு எட்டு விரல்தான். தினமும் அந்தக் கையைப் பார்த்திருக்கிறாள். அந்தக் கையோடு கைகுலுக்கியிருக்கிறாள். பிறகு இந்தத் தாளில் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். நாற்பது பிள்ளைகளின் பல்லைக்கூட எண்ணிப் பார்த்தவள், அவர்களை அழைத்துப்போகிற மனிதரை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

நீங்க பாக்காத ஆள்...

அவமானத்தில் அவளுக்குக் காது ஜிவ்வென்றது.

"லீடரை வரச் சொல்லுங்க," என்றாள்.

*

டமால்!

அதே கதவு. அதே தோள்.

"உக்காருங்க சார். ஒரு சின்னக் கையெழுத்து," என்று காகிதத்தை அவர் முன்னால் வைத்தாள் சிவப்பு மை. எழுந்து போய் அவருக்கு இடது பக்கமாக நின்றாள்.

"போட்டுட்டாப் போச்சு. பேனா குடுங்க."

அவள் பேனாவை நீட்டினாள்.

"பேனா மேடம்?"

பேனா அவருடைய இடது கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நீட்டப்பட்டிருந்தது. டைரக்டரின் வாய் பிளந்தது.

 எட்டுவிரல் தலையை முழுசாகத் திருப்பினார். பேனாவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

சிரித்தார்!

"அப்பாடா," என்றார். "கண்டுபிடிக்க இவ்வளவு நேரமா?"

"என்ன சார் சொல்றீங்க?"

"காலைல பத்து மணிக்கு ஃபோன் பண்ணேன். இப்ப மணி ரெண்டு."

சட்டைப் பையிலிருந்து கம்பளிக் கையுறையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"நீங்க... பாக்காத... ஆள்..."

அதே குரல்!

சிவப்பு மை நெற்றியில் அடித்துக்கொண்டாள். வெளியிலிருந்து வரும் அழைப்பு என்றால் அந்த ஃபோன் ஒற்றையாக நீளமாக அடிக்கும். உள்ளேயிருந்து வந்தால் இரட்டை. டிரிங் டிரிங்... காலையில் இரட்டையாகத்தான் அடித்தது. கீழே சாமான் அறையிலிருந்து!

"நான் எவ்வளவு தெளிவா சொன்னேன்," என்றார் எட்டுவிரல் வருத்தமாக. "நீங்க என்னடான்னா பாவம், அந்தப் பொண்ணை மாடிப்படில ஓட விட்டிருக்கீங்க."

"நேரா சொல்லியிருக்கலாமே சார்."

அவர் சிரிப்பு மெல்ல வடிந்தது. மீதமிருந்த விரல்களால் கையுறையைக் கசக்கினார்.

"முப்பது வருஷமா பசங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிக் குடுத்திருக்கேன். முடியலைன்னா வாய் விட்டுச் சொல்லுடா, வெக்கப்படாதேன்னு. ரெண்டு வருஷமா இடது கண்ணு ஓரத்துலேருந்து இருட்டிக்கிட்டே வருது. எனக்குச் சொல்ல வாய் வரல. நாளைக்கு ஃப்ளைட்டுன்னு நெனச்சா ராத்திரி தூக்கம் வரல. ஒவ்வொரு வருஷமும் நெனைப்பேன்... இந்தத் தடவை மேடம் கூப்பிட்டு டெஸ்ட் பண்ணிடுவாங்க, மாட்டிப்போம், தப்பிச்சுடலாம்னு." தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க கூப்பிடவே இல்ல."

அவளால் அவரைப் பார்க்க முடியவில்லை.

"தப்பு என்னுதுதான் சார்," என்றாள்.

சான்றிதழை எடுத்தாள். குறுக்கே சிவப்பு மையில் நீளமாக ஒரு கோடு. அதன் கீழே எழுதினாள்: 'பயணம் ஒரு வாரம் ஒத்திவைப்பு. காரணம்: லீடருக்கு மருத்துவப் பரிசோதனை இல்லை. பொறுப்பு: முதலில், அவர் ஃபாரத்தில் பார்க்காமல் கையெழுத்திட்ட நான்.'

"ஐயையோ, பேனர்!" என்றார் டைரக்டர்.

"அவுத்துடுங்க. அதுக்கப்புறம் ரெண்டாவது பொறுப்பாளின்னு இங்க உங்க கையெழுத்து."

"லீடருக்கு எங்கம்மா போறது?"

"துணை லீடரா ஒரு பொண்ணு கூட வர்றாளே," என்றார் எட்டுவிரல். "என்னைவிட நாலு மலை அதிகமா ஏறினவ. ரெண்டு கண்ணும் இருக்கு. நான் அடிவாரத்துல ரேடியோ முன்னால உக்காந்துக்கறேன் மேடம். அங்கே வர்றதுக்காவது விடுவீங்களா?"

அவர் குரலில் இருந்த ஏக்கம் அவளை என்னவோ செய்தது. ஒரு புதிய மெடிக்கல் ஃபாரத்தை எடுத்து நீட்டினாள். இந்தத் தடவை வலது பக்கமாக.

"முழுசா நிரப்புங்க சார். விரல் எண்ணிக்கையிலேருந்து ஆரம்பிங்க."

அவர் வாங்கிக்கொண்டார். வாசலைக் கடக்கும்போது சிவப்பு மை பேசாமல் எழுந்து போய், அவருக்கும் கதவு நிலைக்கும் நடுவே இடது பக்கமாக நின்றுகொண்டாள். முதல் தடவையாக அந்தக் கதவு இடிக்கவில்லை.

டைரக்டர் ஏசியைக் கூட்டினார். வியர்வையைத் துடைத்தார். பிறகுதான் ஞாபகம் வந்தது.

"ஏம்மா... அந்தப் பன்னிரண்டாவது சீட்டு? அதையும் பாத்துடலாம். இன்னொரு ஆள் மேல சந்தேகம்னா விடக் கூடாது இல்ல?"

"வேண்டாம் சார்."

"பாதுகாப்பு விஷயம்மா!"

சிவப்பு மை பெருமூச்சு விட்டாள். கைப்பையைத் திறந்து, சீட்டை மேஜைமேல் வைத்தாள். ஏழாம் நம்பரின் கிறுக்கலான கையெழுத்து. டைரக்டர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்:

'லீடர் சாரை மத்தவங்க எழுதிடுவாங்க. நான் எழுதறது பாதுகாப்பு மேடத்தை. அவங்களை நான் இன்னும் நேர்ல பாத்ததில்லை, அவங்க அனுப்பின பதினாலு பக்க ஃபாரத்தைத்தான் பாத்தேன். நான் பள்ளத்துல விழுந்து தொங்கினா அவங்க கயிறை இழுக்க மாட்டாங்க... மேலேருந்து எட்டிப் பாத்து, மூணு காப்பி நிரப்பிக் குடுன்னு கேப்பாங்க!'